திரையில் சரி, தாளில் தவறு: ஒரு மூலக்கூறு உயிரியல் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் சிறு நகரம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரி. இளநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் தாளை நான் ஒன்பது வருடமாக எடுத்து வருகிறேன். ஒரு செமஸ்டரில், இணையத்தில் கிடைக்கும் ஊடாடும் செயல்பாடுகளை வைத்து அந்தப் பாடத்தின் பெரும்பகுதியை நடத்திப் பார்த்தேன். என்ன நடந்தது, எங்கே தடம் மாறியது, பிறகு என்ன செய்தேன் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கல்லூரியையும் மாணவர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வகுப்பில் 36 பேர். பெரும்பாலோர் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலம், வகுப்பில் பேச்சு தமிழ், தேர்வில் எழுதுவது அவரவர் தைரியத்தைப் பொறுத்தது. ஆய்வகத்தில் நல்ல நுண்ணோக்கிகள் இருக்கின்றன. வெங்காய வேர்நுனியில் செல்பகுப்பைப் பார்க்கலாம், கன்னத்தின் உட்புறச் செல்லுக்குச் சாயமேற்றிப் பார்க்கலாம். அதற்குக் கீழே இறங்க வழியில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். செல்லில் புரதங்களைக் கோக்கும் ரைபோசோமோ 25 முதல் 30 நானோமீட்டர்தான். டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 நானோமீட்டர். ஆக, எங்கள் பாடத்தின் பாதி, எங்கள் கல்லூரியில் யாருமே பார்க்க முடியாத இடத்தில் நடக்கிறது. மாணவர்கள் அதைக் கட்டுரையாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அந்தப் பாதியைத்தான் திரையில் காட்ட நினைத்தேன்.

கம்ப்யூட்டர் லேபில் 20 கணினிகள், அவற்றில் 14 ஓடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

முதல் வாரம்: எல்லோரும் முடித்தார்கள்

முதலில் கொடுத்தது எளிமையான ஒரு செயல்பாடு. திரையில் ஒரு டி.என்.ஏ. துண்டு விரியும். எதிரே பொருந்தும் எழுத்துகளை இழுத்து வைத்தால் தூது ஆர்.என்.ஏ. உருவாகும். அப்புறம் மூன்று மூன்று எழுத்தாக, அதாவது கோடான் கோடானாகப் படித்து, உரிய கடத்து ஆர்.என்.ஏ.வை இழுத்து வைத்தால், அது சுமந்து வரும் அமினோ அமிலங்கள் கோத்துக்கொண்டு புரதமாக வரும். இருபது நிமிடத்தில் வகுப்பு முழுவதும் முடித்துவிட்டது. பிளஸ் டூவில் இந்தப் பாடத்தைக் கண்டாலே பயம் என்று சொன்னவர்கள்கூட இரண்டாவது முறை செய்து பார்த்தார்கள். எனக்கு அன்று நிறைவாக இருந்தது.

அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். சோதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை, அடுத்த பாடத்துக்கு ஒரு தொடக்கமாக இருக்கட்டும் என்றுதான். "ஒரு ஜீனிலிருந்து ஒரு புரதம் வரும் வரை செல்லுக்குள் நடப்பதைப் படமாக வரையுங்கள். கடைசியில் செல்லுக்குள் என்னென்ன மிச்சம் இருக்கும் என்று கீழே எழுதுங்கள்" என்றேன்.

அந்தத் தாள்களை அன்று இரவு பார்த்தபோது உட்கார்ந்துவிட்டேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் இடது ஓரத்தில் டி.என்.ஏ., ஒரு அம்பு, ஆர்.என்.ஏ., ஒரு அம்பு, புரதம். மிச்சம் என்ன என்ற கேள்விக்கு "புரதம் மட்டும்" என்று எழுதியிருந்தார்கள். அதாவது, டி.என்.ஏ.வே ஆர்.என்.ஏ.வாக மாறி, அதுவே புரதமாக மாறிவிடுகிறது. சிலர் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளையே மணிகளாக வரைந்து, அவைதான் அமினோ அமிலங்கள் என்று குறித்திருந்தார்கள். ஒரு மாணவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "புரதம் செய்யச் செய்ய டி.என்.ஏ. தீர்ந்துபோகும். அதனால்தான் நமக்கு வயதாகிறது." தவறுதான். ஆனால் தன் தவறை அதன் முடிவு வரை யோசித்துப் பார்த்திருக்கிறார்.

முந்தைய நாள் இதே மாணவர்கள் திரையில் ஒரு பிழையும் இல்லாமல் செய்து முடித்தவர்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

அதே செயல்பாட்டை இரண்டு பேரை மறுபடி செய்யச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மாணவி மிக வேகமாகச் செய்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மஞ்சளுக்கு நீலம் மேடம், பச்சைக்குச் சிவப்பு. தப்பா வச்சா தானா திரும்பிப் போயிடும். ஒட்டுற வரைக்கும் மாத்தி மாத்தி வச்சுப் பார்க்கலாம்."

அவர் சொன்னது முழு உண்மை. நிறம் பொருத்தத் தெரிந்தால் போதும், முடித்துவிடலாம். எந்த இடத்திலும் யோசித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. தவறு அந்த மாணவியுடையது அல்ல. "முடித்துக் காட்டுங்கள்" என்று நான் சொன்னேன், அவர் முடித்துக் காட்டினார்.

இரண்டாவது விஷயம் அம்புக்குறி. வகுப்பில் கேட்டேன்: "நீங்கள் எல்லோரும் போட்டிருக்கிறீர்களே, இந்த அம்புக்கு என்ன அர்த்தம்?" பின்பெஞ்சிலிருந்து உடனே பதில் வந்தது: "இது அதுவா மாறுது மேடம்." வேதியியலில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, அம்பு போட்டு, நீர். இடப்பக்கம் இருப்பது செலவாகி வலப்பக்கம் இருப்பது வருகிறது. பள்ளியிலிருந்து அவர்கள் பார்த்த அம்பு அதுதான். பிரான்சிஸ் கிரிக் மையக் கோட்பாடு என்று 1958 இல் எழுதியது தகவல் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பற்றி. அங்கே அம்பு காட்டுவது தகவலின் போக்கை. பொருள் எதுவும் மாறுவதில்லை. இதைச் சொல்லாமலே நான் ஒன்பது வருடமாகக் கரும்பலகையில் அந்த அம்பைப் போட்டு வந்திருக்கிறேன். முந்தைய வகுப்புகளில் எத்தனை பேர் இப்படியே புரிந்துகொண்டு போனார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அம்பை அழித்துவிட்டுச் சொல்லிலிருந்து தொடங்குவது. டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ. உருவாவதைப் பிளஸ் டூ புத்தகத்தில் "படியெடுத்தல்" என்று எல்லோரும் படித்தவர்கள்தான். ஆனால் அதற்குள் "படி" என்று ஒரு சொல் இருப்பதை யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை. சுவடிகளைப் பற்றிப் பேசினோம். அந்தக் காலத்தில் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏட்டில் எழுதி எடுப்பார்கள். படி வெளியூருக்குப் போகும், மூலம் பெட்டியிலேயே இருக்கும். நம் செல்லில் டி.என்.ஏ. உட்கருவுக்குள்ளேயே இருக்கிறது, படி மட்டும் சைட்டோபிளாசத்துக்குப் போகிறது. மூலம் ஓர் எழுத்துகூடக் குறையாது.

தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்யும் அடுத்த கட்டத்துக்கு "மொழிபெயர்ப்பு" என்று பெயர். அப்போது ஒரு மாணவி கேட்டார்: "அப்ப மொழிபெயர்ப்புன்னாலும் மூலம் இருக்கும்ல மேடம்? ஒரே படியைப் பத்துப் பேர் வச்சு மொழிபெயர்க்கலாமே?" ஒரே தூது ஆர்.என்.ஏ. மீது பல ரைபோசோம்கள் வரிசையாக ஏறிப் படிப்பதற்குப் பாலிசோம் என்று பெயர். அது அடுத்த வாரத்துப் பாடம். சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு அவரே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். தமிழில் கலைச்சொல் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இப்போது இந்த நாளைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது முடிவு, தொடுவதற்கு முன் எழுதுவது. ஒரு கணினிக்கு மூன்று பேர் வரை. ஒருவர் "இதை இங்கே வைத்தால் இது நடக்கும், ஏனென்றால்" என்று தாளில் எழுதிய பிறகுதான் அடுத்தவர் மவுஸைத் தொடலாம். ஊகம் தவறானால் அதை அழிக்கக் கூடாது, கீழே என்ன நடந்தது என்று எழுத வேண்டும். இந்தத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் உண்டு என்றால் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு ஊகத்தை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது, சரியாகச் செய்தால் மட்டும் நகரும் செயல்பாடுகளை விட்டுவிட்டு, கெடுத்தும் பார்க்கக்கூடிய ஒன்றுக்கு மாறினேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் திட்டத்தில், ஜீன் வெளிப்பாட்டைக் காட்டும் ஒரு சிமுலேஷன் இருக்கிறது. கட்டணம் இல்லை, போனிலும் ஓடும். டி.என்.ஏ. நீளமாகப் படுத்திருக்கும். பக்கத்துப் பெட்டியில் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், ரைபோசோம், படியெடுத்தலைத் தூண்டும் காரணிகள், தடுக்கும் காரணிகள், தூது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் மூலக்கூறு எல்லாம் இருக்கும்.

மூன்றாம் வாரம்: கையை எடுத்தபோது

"புரதம் வராமல் செய்யுங்கள். எத்தனை வழி கண்டுபிடிக்கிறீர்கள்?" என்பதுதான் அன்றைய வேலை. தூண்டும் காரணி இல்லாமல் பாலிமரேஸை மட்டும் வைத்தார்கள். அது வந்து ஒட்டி, ஒன்றும் எழுதாமல் விலகிப் போனது. தடுக்கும் காரணியை வைத்தார்கள். ரைபோசோம் வருவதற்குள் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கவிட்டார்கள். ஒரு குழு, ரைபோசோமை வெளியே எடுக்காமலே இருந்தாலும் புரதம் வராது என்று எழுதியது. ஜீன் ஒன்று இருப்பதும் அது வேலை செய்வதும் வேறு வேறு என்பது அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது. நம் தோல் செல்லிலும் இன்சுலின் ஜீன் இருக்கிறது, ஆனால் தோல் இன்சுலின் செய்வதில்லை என்றதும், காரணத்தை அவர்களே சொன்னார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எல்லாக் கணினியிலும் மவுஸ் பாலிமரேஸைப் பிடித்து, சரியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விடுகிறது. கேட்டேன்: "செல்லுக்குள்ளே யார் இப்படிக் கொண்டுவந்து வைக்கிறார்கள்?"

கொஞ்ச நேரம் அமைதி. "நியூக்ளியஸ் அனுப்பும் மேடம்." "அதுக்கே தெரியும், போகும்." ஒருவர் தயங்கித் தயங்கி, "மூளை சொல்லும்" என்றார். வாரக்கணக்காக இழுத்து வைத்துப் பழகிய கை, செல்லுக்குள்ளும் ஒரு கை இருப்பதாக நம்பவைத்திருந்தது. சுவடி உதாரணத்திலும் இதே குறை உண்டு. ஏட்டைப் படியெடுப்பவருக்கு நோக்கம் இருக்கிறது, பாலிமரேஸுக்குக் கிடையாது. என் உதாரணமும் இந்தத் தவறுக்குத் துணைபோயிருக்கலாம்.

சரி, பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் திரையில் விட்டுவிட்டுக் கையை எடுங்கள் என்றேன். பத்து நிமிடம் யாரும் மவுஸைத் தொடக் கூடாது. மூலக்கூறுகள் திக்கில்லாமல் அலைந்தன. டி.என்.ஏ.வை மோதின, விலகின. முதல் சில நிமிடங்களில் சலிப்புத் தெரிந்தது. பிறகு ஒரு திரையில் தூண்டும் காரணி தானாகப் போய் ஒட்டியது. சற்று நேரத்தில் பாலிமரேஸும் அங்கே வந்து மோதி நின்று எழுத ஆரம்பித்தது. அந்தப் பக்கத்திலிருந்து கூச்சல். மற்ற எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள்.

"இப்படித் தற்செயலா மோதித்தான் நடக்குதுன்னா, நம்ம உடம்பு எப்படி மேடம் ஓடுது?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ரைபோசோமை 4 சென்டிமீட்டர் எலுமிச்சம்பழமாகப் பெரிதாக்கினால், 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ. கோலை பாக்டீரியா சுமார் மூன்று மீட்டர் நீளம் ஆகும், அகலம் ஒன்றேகால் மீட்டர். ஒரு சரக்கு வண்டியின் பின்தட்டு அளவு. வேகமாக வளரும் ஈ. கோலைக்குள் ரைபோசோம்கள் மட்டுமே பல்லாயிரக்கணக்கில் இருக்கும். அந்த வண்டிக்குள் இருபதாயிரம் எலுமிச்சையும், அவற்றின் இடுக்குகளில் மற்ற அத்தனை மூலக்கூறுகளும் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். எதுவும் வெகுதூரம் தேடிப் போக வேண்டியதில்லை. திரையில் காட்டும் காலியிடம் நாம் பார்ப்பதற்காக விட்டது, செல்லில் அப்படி இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் மரபியல் கற்றல் மையம் வைத்திருக்கும், காபிக்கொட்டையிலிருந்து கார்பன் அணு வரை படிப்படியாக உள்ளே இறங்கும் அளவுப் பட்டையை அன்றே காட்டினேன். அதை முதல் நாளே காட்டியிருக்க வேண்டும்.

இணையம் இல்லாத நாள்

ஐந்தாம் வாரம் லேபில் இணைப்பு விழுந்துவிட்டது. மாணவர்களின் டேட்டாவைச் செலவழிக்கச் சொல்ல மனமில்லை. சார்ட் அட்டையை நறுக்கி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான ஜீனின் தொடக்கத்தை எழுதிக் கொடுத்தேன்: ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி, ஜிஏஜி. இன்னொரு துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். முதல் ஜிஏஜி அங்கே ஜிடிஜி. எது மாறியிருக்கிறது, அதனால் எந்த அமினோ அமிலம் மாறும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலைன் வருகிறது என்று எல்லாக் குழுவும் கண்டுபிடித்தது. சண்டை வேறொன்றில் வந்தது. ஏடிஜியிலிருந்து எண்ணினால் அது ஏழாவது கோடான். புத்தகத்தில் ஆறாவது இடம் என்று இருக்கிறது. புத்தகம் தப்பா, நாம் எண்ணியது தப்பா? அரை மணி நேரம் விவாதித்தார்கள். தொடக்கத்தில் சேரும் மெத்தியோனைன் பிறகு வெட்டி நீக்கப்படுகிறது. முடிந்த புரதத்தில் எண்ணினால் ஆறு, ஜீனில் எண்ணினால் ஏழு. திரையில் இருந்திருந்தால் "சரி" என்று வந்ததும் அடுத்ததற்குப் போயிருப்பார்கள். அட்டைத்துண்டு எதுவும் சொல்லாது. அவர்களே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது.

அந்த நாளுக்குப் பிறகு ஃபெட் சிமுலேஷனை இறக்கி எல்லாக் கணினியிலும் வைத்துவிட்டேன். இணையம் இல்லாமலே அது ஓடும்.

அரிவாள் செல் வகுப்பில் நடந்தது

அரிவாள் செல் நோய்க்குக் காரணமான அந்த ஓர் எழுத்து மாற்றம் என்ன செய்கிறது என்று அடுத்த வகுப்பில் பார்த்தோம். 1971 இல் வெறும் ஏழு புரத அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி இன்று யாரும் திறந்து பார்க்கும்படி இருக்கிறது. அரிவாள் செல் ஹீமோகுளோபினின் முப்பரிமாண அமைப்பைத் திறந்து, போனிலேயே விரலால் சுழற்றிப் பார்த்தார்கள். நீரை விலக்கும் வேலைன், பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு குழியில் போய்ப் பொருந்தி நிற்பது தெரிகிறது. ஆக்சிஜனை விட்ட நிலையில் இப்படி ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைக்கின்றன. இந்தியாவில் இந்த ஹீமோகுளோபின் முதன்முதலில் பதிவானது நீலகிரி மலைமக்களிடம்தான், 1952 இல். நம் ஊர் விஷயம் என்று சொல்லி ஆர்வமாக நடத்தினேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் தனியாக வந்தார். அவர் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. "எனக்கும் வரும்னு அர்த்தமா மேடம்?" என்றார். வகுப்பு முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வரும் இந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் மாறியிருப்பதற்கும் இரண்டும் மாறியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு நிதானமாக விளக்கினேன். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் நோய் இராது, ஆனால் குழந்தைகளுக்குக் கடத்தலாம். இவருக்கு எப்படி என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், என்னால் சொல்ல முடியாது என்றேன். 2023 இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் நடக்கும் பரிசோதனையைப் பற்றியும் சொன்னேன். பிறகு அவர் பரிசோதித்துக்கொண்டார். முடிவு அவருடையது, இங்கே எழுதப்போவதில்லை.

திரையில் சுழலும் மூலக்கூறு யாரோ ஒருவர் வீட்டு விஷயம் என்பதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. இந்த செமஸ்டரில் நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான்.

பிறகு என்ன ஆனது

கடைசி வாரத்தில் அதே கேள்வியை, அதே மாதிரி வெள்ளைத்தாளில் மறுபடி கொடுத்தேன். பெரும்பாலான தாள்களில் டி.என்.ஏ. கடைசி வரை உட்கருவில் இருந்தது. தூது ஆர்.என்.ஏ. சிதையும் வரை திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டது. அமினோ அமிலங்கள் தனியாக, கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏறி வந்தன. பலர் அம்பே போடவில்லை. போட்ட சிலர், பக்கத்தில் "தகவல்" என்று எழுதியிருந்தார்கள். வயதாவதைப் பற்றி எழுதிய மாணவர் இந்த முறை படத்தின் கீழே, "அப்படியென்றால் வயது ஏன் ஆகிறது?" என்று ஒரு கேள்வி போட்டிருந்தார்.

ஏழெட்டுத் தாள்கள் மாறவே இல்லை. அவற்றில் பல, லேப் நாட்களில் அடிக்கடி வராதவர்களுடையவை. பேருந்து இல்லாமலும் பகுதிநேர வேலைக்காகவும் விடுப்பு எடுப்பவர்கள். வீட்டிலிருந்து போனில் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். தனியாகச் செய்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்து வகுப்பு செய்ததைப் போலவே முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் ஊகத்தைக் கேட்க ஆளில்லை.

பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. "மொழிபெயர்ப்பு பற்றிக் கட்டுரை வரைக" என்ற கேள்விக்கு மனப்பாடமும் போதும்.

அடுத்த முறை மாற்றப்போவது

வெள்ளைத்தாள்தான் முதல் வகுப்பு. அவர்கள் மனதில் என்ன படம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எந்தச் செயல்பாடு என்று முடிவு செய்வேன். அளவுப் பட்டையும் எலுமிச்சம்பழக் கணக்கும் இரண்டாவது வகுப்புக்கு வந்துவிடும். கையை எடுத்துவிட்டுப் பார்ப்பது முதலில், இழுத்து வைப்பது பிறகு.

அதே சிமுலேஷனில் பல செல்களை ஒன்றாகக் காட்டும் பகுதி இருக்கிறது. ஒரே ஒரு செல்லில் புரத அளவு தாறுமாறாக ஏறி இறங்கும். செல்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட, சராசரிக் கோடு நிதானமாகும். தற்செயலாக மோதி நடக்கும் வேலையிலிருந்து ஒழுங்கு எப்படி வருகிறது என்ற அந்த மாணவரின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நேரமில்லாமல் இரண்டு நிமிடத்தில் ஓட்டிவிட்டேன். இந்த முறை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் மின்புல ஜெல் பிரிப்பைத் திரையில் செய்யும் மெய்நிகர் ஆய்வகத்தைக் கைவிடப்போகிறேன். நல்லதுதான், ஆனால் எங்கள் மாணவர்களுக்கு அதை உண்மையிலேயே கையால் செய்ய வேண்டும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு நாள் கேட்டிருக்கிறேன்.

வர முடியாதவர்களுக்கு அட்டைத்துண்டுகளை ஓர் உறையில் போட்டுக் கொடுப்பேன். வீட்டில் தம்பியையோ தங்கையையோ எதிரே உட்காரவைத்து, அவர்கள் ஊகித்துச் சொன்ன பிறகே துண்டைத் திருப்ப வேண்டும். அரிவாள் செல் பாடத்துக்கு முந்தைய வகுப்பிலேயே, நோய்க்கும் கடத்தும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நடத்திவிடுவேன். யாருக்காவது தனியாகப் பேச வேண்டுமென்றால் எந்த நேரத்தில் வரலாம் என்பதையும் அன்றே சொல்லிவிடுவேன்.